ஐ.பி. முகவரி: உங்கள் கம்ப்யூட்டருக்கு எண் தருவது யார்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, வீட்டிற்கு பிராட்பேண்ட் இணைப்பும் பெற்றுவிட்டீர்கள். பிரவுசரைத் திறந்தால் தளங்கள் வருகின்றன. மெயில் போகிறது, வருகிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கும் வரை ஐ.பி. முகவரி பற்றி யாரும் நினைப்பதில்லை. ஒரு நாள் வைஃபை இணைந்திருப்பதாகக் காட்டும். ஆனால் இன்டர்நெட் வராது. சேவை மையத்திற்குப் போன் செய்தால், எதிர்முனையில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வியே "ஐ.பி. என்ன காட்டுகிறது, சொல்லுங்கள்" என்பதாகத்தான் இருக்கும்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்துவிட்டால், பாதிப் பிரச்னையை நாமே தீர்த்துவிடலாம். ஐ.பி. முகவரி எப்படி அமைக்கப்படுகிறது, அதை யார் யாருக்குத் தருகிறார்கள், அது கிடைக்காமல் போவது ஏன் என்பதை இங்கு பார்ப்போம். இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் போய் வந்தால் போதும்.

தொழிற்சாலையில் ஒரு எண், வீட்டில் ஒரு எண்

டெல் நிறுவனம் 2007ல் ஸ்ரீபெரும்புதூரில் தன் கம்ப்யூட்டர் தொழிற்சாலையைத் திறந்தது. அதே ஊரில் உள்ள ஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் ஆலையில் எச்.பி. லேப்டாப்கள் தயாராகத் தொடங்கிய செய்தி 2021ல் வந்தது. ஆக, உங்கள் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டர் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்ததாகவே இருக்கலாம்.

அங்கிருந்து வெளியே வரும்போதே கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டில் ஒரு எண் பதிந்திருக்கும். இதற்கு மேக் முகவரி என்று பெயர். இது 48 பிட் கொண்டது. இதன் முதல் பாதி அந்தக் கார்டைத் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும். மறு பாதி அந்த நிறுவனம் ஒவ்வொரு கார்டுக்கும் தரும் வரிசை எண். ஆனால் ஐ.பி. முகவரி தொழிற்சாலையில் தரப்படுவதில்லை. கம்ப்யூட்டர் எந்த நெட்வொர்க்கில் இணைகிறதோ, அந்த நெட்வொர்க்தான் அதைத் தருகிறது.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் தயாராகின்றன. ஒவ்வொரு காரிலும் சேஸிஸ் எண்ணைத் தொழிற்சாலையிலேயே பொறித்துவிடுகிறார்கள். அந்தக் கார் எங்கே போனாலும் அது மாறாது. ஆனால் பதிவு எண்? ஸ்ரீபெரும்புதூரில் பதிவு செய்தால் டி.என். 87 என்று தொடங்கும். மதுரையில் பதிவு செய்தால் டி.என். 59 என்று இருக்கலாம். சேஸிஸ் எண் "இது எந்தக் கார்" என்று சொல்கிறது. பதிவு எண்ணோ "இது எந்த ஊர்க் கணக்கில் உள்ளது" என்று சொல்கிறது. மேக் முகவரி சேஸிஸ் எண் போல, ஐ.பி. முகவரி பதிவு எண் போல.

ஒரு வித்தியாசம் உண்டு. கார் ஊர் மாறினாலும் அதே எண்ணோடு ஓடலாம். கம்ப்யூட்டர் அப்படி இல்லை. உங்கள் லேப்டாப் வீட்டில் ஒரு ஐ.பி. முகவரியும், அலுவலகத்தில் வேறொன்றும், நண்பர் வீட்டில் இன்னொன்றும் பெறும். தகவல் எந்த இடத்திற்கு வந்து சேர வேண்டும் என்பதைச் சொல்வதுதான் அதன் வேலை. இடம் மாறினால் முகவரியும் மாறத்தானே வேண்டும்?

நான்கு எண்கள், மூன்று புள்ளிகள்

நாம் வழக்கமாகப் பார்க்கும் ஐ.பி. முகவரி 192.168.1.5 என்பது போல இருக்கும். இது ஐ.பி. பதிப்பு 4. இதற்கான விதிமுறை 1981 செப்டம்பரில் வெளியானது. இன்டர்நெட்டின் தாய் எனப்படும் அமெரிக்காவின் அர்பாநெட், 1983 ஜனவரி 1 அன்று இந்த முறைக்கு மாறியது.

இந்த முகவரி 32 பிட் கொண்டது. கம்ப்யூட்டருக்கு இது வெறும் 32 பூஜ்யங்களும் ஒன்றுகளும்தான். நாம் படிக்க வசதியாக அதை எட்டு எட்டு பிட்களாக நான்கு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் சாதாரண எண்ணாக மாற்றி, இடையில் புள்ளி வைக்கிறார்கள். எட்டு பிட்களில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் 0. மிகப் பெரியது 255. எனவே நான்கு எண்களில் எதுவும் 255ஐத் தாண்டாது. யாராவது 192.168.1.300 என்று எழுதித் தந்தால் அது தவறான முகவரி என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

மொத்தம் எத்தனை முகவரிகள்? 256ஐ நான்கு முறை பெருக்கினால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. 1981ல் இது கடல் போலத் தோன்றியது. உலகின் மக்கள் தொகையே இன்று 800 கோடியைத் தாண்டிவிட்டது. ஒரு வீட்டில் நான்கு போன், ஒரு டிவி, ஒரு கம்ப்யூட்டர் என்று இருக்கிறது. கடல் எப்படி வற்றியது என்பதைச் சற்றுப் பிறகு பார்ப்போம்.

சிப்காட் மனைப் பிரிவு போல

ஐ.பி. முகவரி ஒரே எண் போலத் தெரிந்தாலும் அதில் இரண்டு பகுதிகள் உள்ளன. முன்பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கும். பின்பகுதி அந்த நெட்வொர்க்கில் உள்ள ஒரு கருவியைக் குறிக்கும்.

தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் ஒரகடம், வல்லம் வடகால் போன்ற இடங்களில் செய்வதும் இதைத்தான். முதலில் பெரிய நிலப்பரப்பு ஒன்றைத் தொழிற்பூங்காவாக அறிவிக்கிறது. அதைச் சிறிதும் பெரிதுமான மனைகளாகப் பிரித்து நிறுவனங்களுக்குக் குத்தகைக்குத் தருகிறது. மனையைப் பெற்ற நிறுவனம் அதற்குள் கட்டடம், தளம், அறை என்று தன் விருப்பப்படி பிரித்துக்கொள்கிறது. தபால்காரருக்குத் தொழிற்பூங்காவும் மனை எண்ணும் தெரிந்தால் போதும். உள்ளே யார் எந்த அறையில் இருக்கிறார் என்பதை வாசலில் இருப்பவர் பார்த்துக்கொள்வார்.

முகவரியில் எதுவரை நெட்வொர்க், எங்கிருந்து கருவி என்பதைக் காட்டுவதுதான் சப்நெட் மாஸ்க். வீடுகளில் இது பெரும்பாலும் 255.255.255.0 என்று இருக்கும். 255 உள்ள இடமெல்லாம் நெட்வொர்க். 0 உள்ள இடம் கருவி. அதாவது முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால் இரண்டு கருவிகளும் ஒரே நெட்வொர்க்கில் உள்ளன. 192.168.1.5 என்ற கம்ப்யூட்டரும் 192.168.1.20 என்ற பிரிண்டரும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். பிரிண்டருக்கு 192.168.2.20 என்று கொடுத்துவிட்டால், பக்கத்து மேஜையிலேயே இருந்தாலும் அது வேறு காம்பவுண்டுக்குள் போய்விட்டது என்று பொருள். கம்ப்யூட்டர் அதை நேரடியாகத் தேடாது.

வேறு நெட்வொர்க்குக்குப் போக வேண்டிய தகவலைக் கம்ப்யூட்டர் வாசலில் கொண்டு போய்த் தரும். அந்த வாசல்தான் டீஃபால்ட் கேட்வே. வீட்டில் அது உங்கள் ரௌட்டர்.

இந்த மாஸ்க்கில் கடைசித் துண்டில் 256 முகவரிகள் உள்ளன. அவற்றில் 0 நெட்வொர்க்கின் பெயராகவும், 255 எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சமயத்தில் செய்தி அனுப்புவதற்காகவும் ஒதுக்கப்படுகின்றன. மீதம் 254. அதில் ஒன்று ரௌட்டருக்குப் போய்விடும். இந்த 254ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உலகத் தலைமையிலிருந்து உங்கள் தெரு வரை

சிப்காட் நிலத்தைப் பிரிப்பது போல, உலகின் ஐ.பி. முகவரிகளையும் படிப்படியாகப் பிரித்துத் தருகிறார்கள்.

உச்சியில் இருப்பது ஐயானா என்ற அமைப்பு. இது பெரிய பெரிய தொகுதிகளை உலகின் ஐந்து மண்டலப் பதிவகங்களுக்குத் தருகிறது. நம் மண்டலமான ஆசிய பசிபிக் பகுதிக்கு ஏப்நிக். இதன் அலுவலகம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் உள்ளது. அடுத்த படியில் இந்தியாவுக்கென்று ஐரின் என்ற தேசியப் பதிவகம் 2012ல் ஏற்படுத்தப்பட்டது. நிக்சி எனப்படும் இந்திய தேசிய இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் இதை நடத்துகிறது. ஏப்நிக் அல்லது ஐரினிடம் இருந்து பி.எஸ்.என்.எல்., ஏர்டெல், ஜியோ போன்ற நிறுவனங்களும், உங்கள் ஊர் கேபிள் வழியே இன்டர்நெட் தரும் சிறிய நிறுவனங்களும் தொகுதிகளைப் பெறுகின்றன. அவர்களிடமிருந்து உங்கள் ரௌட்டருக்கு ஒரு முகவரி வருகிறது.

ஒரே எண் இரண்டு பேருக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே இத்தனை படிகள். ஒரே மனை இரண்டு பேருக்கு எழுதித் தரப்பட்டால் என்ன நடக்குமோ, அதுதான் இங்கும் நடக்கும்.

எண்கள் தீர்ந்த கதை

ஆரம்ப காலத்தில் முகவரிகளை மூன்றே அளவுகளில்தான் நிறுவனங்களுக்குத் தந்தார்கள். ஏ வகுப்பு என்றால் 1 கோடியே 67 லட்சம் முகவரிகள்; பி வகுப்பு என்றால் 65,536; சி வகுப்பு என்றால் 256. உங்களுக்கு 2,000 முகவரி தேவை என்று வைத்துக்கொள்வோம். சி வகுப்பு போதாது. பி வகுப்பு வாங்கினால் 63,000க்கு மேல் சும்மா கிடக்கும். நூறு ஏக்கர் அல்லது ஒரு சென்ட், இடையில் எதுவும் இல்லை என்பது போன்ற ஏற்பாடு இது. 1993ல் இதைக் கைவிட்டு, தேவைக்கேற்ற அளவில் வெட்டித் தரும் முறைக்கு மாறினார்கள்.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இன்டர்நெட் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அப்போது டயல் அப் காலம். மோடம் இரைந்து கொண்டே இணையும். இணைந்திருக்கும் வரை ஒரு முகவரி உங்களுடையது. துண்டித்தால் அது அடுத்தவருக்குப் போகும். கொஞ்சம் முகவரிகளை வைத்து நிறையப் பேருக்குச் சேவை தர முடிந்தது. பிராட்பேண்டும் மொபைல் போனும் வந்த பின் எல்லோரும் எப்போதும் இணைப்பிலேயே இருக்கிறோம். முகவரி திரும்பி வருவதே இல்லை.

2011 பிப்ரவரி 3 அன்று ஐயானா தன்னிடம் மீதமிருந்த கடைசி ஐந்து பெரிய தொகுதிகளையும் மண்டலத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டது. ஏப்நிக்குக் கிடைத்த கடைசித் தொகுதி 103 என்று தொடங்குவது. அதே ஆண்டு ஏப்ரல் 15 முதல் ஏப்நிக் ரேஷன் முறையைக் கொண்டு வந்தது. 2019க்குப் பின் புதிதாக வரும் நிறுவனம் ஒன்றுக்கு அதிகபட்சம் 512 முகவரிகள்தான். நம் ஊர்களில் சிறிய கேபிள் இன்டர்நெட் நிறுவனங்களின் முகவரி பல இடங்களில் 103 என்று தொடங்குவதன் காரணம் இதுதான்.

உள் முகவரி, வெளி முகவரி

512 முகவரி வாங்கிய நிறுவனம் ஐயாயிரம் வீடுகளுக்கு எப்படி இணைப்பு தருகிறது? ஒரே ரௌட்டரில் உங்கள் வீட்டுக் கருவிகள் பத்தும் எப்படி இயங்குகின்றன? இரண்டுக்கும் விடை ஒன்றே.

1996 பிப்ரவரியில் வெளியான ஒரு விதிமுறை, மூன்று தொகுதிகளை யார் வேண்டுமானாலும் தங்கள் காம்பவுண்டுக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒதுக்கியது. அவை:

* 10 என்று தொடங்குபவை அனைத்தும் (1,67,77,216 முகவரிகள்)
* 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை (10,48,576 முகவரிகள்)
* 192.168 என்று தொடங்குபவை (65,536 முகவரிகள்)

இவை தனி முகவரிகள். இன்டர்நெட்டில் இவற்றுக்கு மதிப்பில்லை. உங்கள் வீட்டிலும் 192.168.1.5 இருக்கும், எதிர் வீட்டிலும் இருக்கும், மோதல் வராது. இரண்டு நிறுவனங்களிலும் எக்ஸ்டென்ஷன் 101 இருப்பது போலத்தான் இது.

வெளியுலகத்திற்கு உங்கள் வீடு முழுவதற்கும் ஒரே முகவரி. கம்ப்யூட்டரிலிருந்து ஒரு வேண்டுகோள் கிளம்பும்போது ரௌட்டர் அதில் உள் முகவரியை நீக்கி, தன் வெளி முகவரியைப் போட்டு அனுப்பும். யாருடைய வேண்டுகோள் என்பதை போர்ட் எண் என்ற அடையாள எண்ணுடன் தன் ஏட்டில் குறித்துக்கொள்ளும். பதில் வந்ததும் ஏட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். பெரிய தொழிற்சாலையின் வாசலில் வருகைப் பதிவேடு வைத்திருக்கும் காவலர் செய்யும் வேலை போன்றது இது. இதற்கு நேட் என்று பெயர்.

18,720 பேருக்கு முகவரி

கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு பெரிய உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வல்லம் வடகாலில் ஃபாக்ஸ்கான் ஆலையில் பணிபுரியும் பெண்களுக்காக சிப்காட் ரூ.706.50 கோடி செலவில் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 13 கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு ஆறு பேர். அதாவது ஒரு கட்டடத்தில் 1,440 பேர். மொத்தம் 18,720 பேர். இப்படி ஓர் இடத்தில் ஒவ்வொருவரின் போனுக்கும் ஒரு முகவரி தர வேண்டும் என்றால் நெட்வொர்க்கை எப்படிப் பிரிக்கலாம்? (இது நம் பயிற்சிக்கான கணக்கு மட்டுமே.)

வீட்டில் செய்வது போல 255.255.255.0 மாஸ்க் வைத்தால் கிடைப்பது 254. ஒரு கட்டடத்திற்கே போதாது. 18,720 பேருக்கு இதுபோல 74 நெட்வொர்க்குகள் வேண்டும்.

மாறாக, 10 என்று தொடங்கும் பெரிய தொகுதியை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது எண்ணைக் கட்டடத்துக்கும், மூன்றாவதை மாடிக்கும், நான்காவதைக் கருவிக்கும் ஒதுக்கலாம். அப்போது 10.7.3.25 என்றால் 7ம் கட்டடம், 3ம் மாடி, 25வது கருவி. முகவரியைப் பார்த்ததுமே பழுது எங்கே என்று தெரிந்துவிடும்.

கட்டடத்துக்குப் பத்து மாடி என்று வைத்தால் மாடிக்கு 144 பேர். 254க்குள் அடங்கிவிடும். ஆனால் ஆளுக்கு ஒரு போனுடன் ஒரு லேப்டாப்பும் வந்துவிட்டால்? 288. இப்போது அடங்காது. 34 கருவிகளுக்கு முகவரி இல்லை. அப்படியானால் மாஸ்க்கை 255.255.254.0 என்று மாற்ற வேண்டும். ஒரு பிட்டைக் கருவிப் பக்கம் தள்ளியதும் முகவரிகள் இரட்டிப்பாகி 510 ஆகிவிடும். நெட்வொர்க் அமைப்பவர்கள் இன்றைய தேவையைப் பார்க்காமல் நாளைய தேவையைப் பார்த்து அளவு வைப்பது இதனால்தான்.

முகவரியைத் தருவது டி.எச்.சி.பி.

ஒவ்வொரு கருவியிலும் நாமே எண்களை டைப் செய்ய வேண்டும் என்றால் வாழ்க்கை போய்விடும். அந்த வேலையை ரௌட்டரில் உள்ள டி.எச்.சி.பி. என்ற வசதி பார்த்துக்கொள்கிறது. கருவி வைஃபையில் இணைந்ததும் "எனக்கு முகவரி தர யாராவது உண்டா?" என்று பொதுவாகக் கேட்கும். ரௌட்டர் தன்னிடம் காலியாக உள்ள ஒன்றைக் காட்டி "இது வேண்டுமா?" என்று கேட்கும். கருவி "அதையே தாருங்கள்" என்னும். ரௌட்டர் "எடுத்துக்கொள்" என்று சொல்லி, மாஸ்க், கேட்வே, டி.என்.எஸ். விவரங்களையும் சேர்த்துத் தரும். இந்த நான்கு பேச்சும் ஒரு சில நொடிகளுக்குள் முடிந்துவிடும்.

இதுவும் குத்தகைதான், லீஸ் என்றே சொல்கிறார்கள். சிப்காட் மனைக்கு 99 ஆண்டு குத்தகை என்றால், வீட்டு ரௌட்டரில் அது சில மணி நேரமோ ஒரு நாளோதான்.

இங்குதான் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பகுதி வாடகை வீடுகளிலும் விடுதிகளிலும் ஒரு சிக்கல் வருகிறது. ஒரு விடுதியில் 60 பேர். ஆலையில் மூன்று ஷிஃப்ட் வேலை. ரௌட்டர் 100 முகவரிகளை மட்டும் தரும்படி அமைக்கப்பட்டுள்ளது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சமயத்தில் விடுதியில் இருப்பவர்கள் 40 பேர்தானே, போதும் என்று தோன்றும். ஆனால் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பியவரின் போன் போன பின்பும், ஒரு நாள் லீஸ் முடியும் வரை அவரது முகவரி அவர் பெயரிலேயே இருக்கும். போதாக்குறைக்கு, 2019ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020ல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதலும் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து, வைஃபைக்கென்று புதிதாக ஒன்றை உருவாக்கிக் காட்டுகின்றன. யாராவது வைஃபையை நீக்கிவிட்டு மீண்டும் சேர்த்தால் சில போன்களில் இந்த எண் மாறிவிடும். ரௌட்டருக்கு அது புதிய போன். பழையதற்கு ஒன்று, புதியதற்கு ஒன்று என இரண்டு முகவரி செலவாகும்.

இரவு ஷிஃப்ட் முடிந்து வருபவர் ஊரில் உள்ள குழந்தையுடன் வீடியோவில் பேசலாம் என்று போனை எடுக்கிறார். வைஃபை முழுக் கோடுகளும் காட்டுகிறது, இன்டர்நெட் இல்லை. "லைன் சரியில்லை" என்று வீட்டு உரிமையாளரும், "ரௌட்டர் பழசு" என்று கடைக்காரரும் சொல்வார்கள். உண்மையில் முகவரி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். புதிய ரௌட்டர் வாங்க வேண்டியதில்லை. ரௌட்டரின் டி.எச்.சி.பி. பக்கத்தில் லீஸ் நேரத்தை ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரமாகக் குறைத்து, முகவரி வரிசையை 192.168.1.2 முதல் 192.168.1.254 வரை விரித்துவிட்டால் போதும். செலவு ஒரு பைசா இல்லை.

வெளி முகவரியும் பங்குதான்

முகவரிப் பஞ்சத்தால் இன்டர்நெட் நிறுவனங்களும் இப்போது நேட் செய்கின்றன. இதற்கு சி.ஜி.நேட் என்று பெயர். இதற்கென்றே 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் தொகுதி 2012ல் ஒதுக்கப்பட்டது. அதாவது உங்கள் ரௌட்டருக்குக் கிடைப்பதே ஒரு உள் முகவரிதான். உண்மையான வெளி முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன.

படிக்கவும் படம் பார்க்கவும் இதனால் இடைஞ்சல் இல்லை. ஆனால் வீட்டில் சி.சி.டி.வி. ரெக்கார்டர் வைத்து, அதன் ஐ.பி. முகவரி மூலம் வெளியூரிலிருந்து பார்க்க நினைத்தால் முடியாது. வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் ரௌட்டருக்கே வந்து சேராது. ரௌட்டரில் எத்தனை செட்டிங் மாற்றினாலும் பயனில்லை. கேமரா நிறுவனத்தின் கிளவுட் வழியாகப் பார்க்க வேண்டும். அல்லது இன்டர்நெட் நிறுவனத்திடம் கட்டணம் கட்டி நிலையான முகவரி, அதாவது ஸ்டேடிக் ஐ.பி., பெற வேண்டும்.

இன்னொரு விஷயம் முக்கியமானது. ஆன்லைன் குற்றம் நடந்தால், எந்த ஐ.பி. முகவரி, எந்த நேரம் என்ற தடயத்தைப் பிடித்துத்தான் காவல் துறை தேடத் தொடங்கும். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட உத்தரவின்படி இன்டர்நெட் நிறுவனங்கள் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். தடயம் நேராக வந்து நிற்பது இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவர் வீட்டு வாசலில். உங்கள் வைஃபையைப் பயன்படுத்திய விருந்தாளியின் போன் எது என்பது வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. எனவே பாஸ்வேர்டைக் கண்டவர்களுக்கும் தர வேண்டாம். வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தருவதானால் ரௌட்டரில் உள்ள கெஸ்ட் நெட்வொர்க் வசதியைப் பயன்படுத்தி, ஆள் மாறும்போது பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். நீங்களே பண மோசடிக்கு ஆளானால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

பஞ்சம் தீர்க்க வந்த பதிப்பு 6

ஐ.பி. பதிப்பு 6க்கான விதிமுறை 1998 டிசம்பரில் வெளியானது. இதில் முகவரி 128 பிட் கொண்டது. மொத்த எண்ணிக்கை 39 இலக்கங்கள் கொண்ட எண். இதை நான்கு நான்கு எழுத்துகள் கொண்ட எட்டுத் துண்டுகளாக, இடையில் முக்காற்புள்ளி வைத்து எழுதுவார்கள். 0 முதல் 9 வரை உள்ள எண்களுடன் ஆங்கிலத்தின் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் வரும். வழக்கமாக முதல் பாதி நெட்வொர்க். மறு பாதி கருவி.

2016 செப்டம்பரில் சேவை தொடங்கிய ஜியோ, பதிப்பு 6ஐப் பெரிய அளவில் பயன்படுத்தியது. ஜியோ சிம் உள்ள போனில் முகவரியைப் பார்த்தால் 2409 என்று தொடங்கும் நீண்ட எண்ணைக் காணலாம். இன்று இந்தியாவில் இன்டர்நெட் பயன்படுத்துவோரில் பாதிக்கு மேற்பட்டோரிடம் பதிப்பு 6 உள்ளது. உலகிலேயே முன்னணி நாடுகளில் நாமும் ஒன்று. இருந்தாலும் பழைய தளங்களும் கருவிகளும் நிறைய உள்ளதால், இரண்டு பதிப்புகளும் இன்னும் பல காலம் சேர்ந்தே இயங்கும்.

நீங்களே பார்க்கலாம்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ஆங்கிலத்தில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டவும். கறுப்பு விண்டோ ஒன்று திறக்கும். அதில் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்துகளை இடைவெளி இன்றி டைப் செய்து என்டர் தட்டவும். ஐ.பி.வி.4 அட்ரஸ், சப்நெட் மாஸ்க், டீஃபால்ட் கேட்வே ஆகிய மூன்றும் கிடைக்கும். போனில் என்றால் செட்டிங்ஸ், வைஃபை சென்று, இணைந்துள்ள நெட்வொர்க்கின் மீது தட்டினால் விவரம் தெரியும். கிடைத்த எண்ணை இப்படிப் படியுங்கள்:

* 192.168 அல்லது 10 என்று தொடங்குகிறது: ரௌட்டர் முகவரி தந்துவிட்டது. அப்படியும் இன்டர்நெட் இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் ரௌட்டருக்கு வெளியே. இப்போது சேவை மையத்தை அழைக்கலாம்.
* 169.254 என்று தொடங்குகிறது: ரௌட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை, கம்ப்யூட்டர் தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது. கேபிளைச் சோதியுங்கள், ரௌட்டரை அணைத்துப் போடுங்கள், முகவரி தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.
* 127.0.0.1 என்பது எந்தக் கம்ப்யூட்டரும் தன்னைத்தானே குறிப்பிடும் முகவரி. இதை யாருக்கும் தர முடியாது.
* ரௌட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வெளி முகவரி 100.64 முதல் 100.127க்குள், அல்லது 10 என்று தொடங்குகிறது: நீங்கள் இருப்பது சி.ஜி.நேட் இணைப்பில்.

முகவரி மோதல் என்ற செய்தி வந்தால், யாரோ ஒரு கருவிக்குக் கையால் எண் கொடுத்திருக்கிறார்கள்; அதே எண்ணை ரௌட்டர் வேறொன்றுக்கும் தந்துவிட்டது. பிரிண்டர், கேமரா போன்றவற்றுக்கு நிலையான எண் வேண்டுமானால், ரௌட்டரில் உள்ள அட்ரஸ் ரிசர்வேஷன் மூலம் கொடுங்கள். மோதல் வராது.

மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று இரண்டாவது ரௌட்டர் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதுவும் 192.168.1.1 என்ற முகவரியோடு, முகவரி வழங்கும் வசதியோடு வந்திருக்கக்கூடும். அப்படியே இணைத்தால் ஒரு மனைக்கு இரண்டு பத்திரம் எழுதியது போலாகிவிடும். புதியதில் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, டி.எச்.சி.பி.யை நிறுத்தி, பழைய ரௌட்டரின் லேன் துளையிலிருந்து புதியதன் லேன் துளைக்குக் கேபிள் கொடுங்கள். வழங்கும் வரிசையிலும் அந்த 2ஐ விட்டுவிட்டு 192.168.1.3 முதல் தொடங்குங்கள்.

இன்றே ஒரு முறை உங்கள் கம்ப்யூட்டரின் முகவரி, மாஸ்க், கேட்வே மூன்றையும் பார்த்து ஒரு தாளில் எழுதி ரௌட்டரின் அடியில் ஒட்டி வையுங்கள். இணைப்பு நன்றாக இருக்கும் நாளில் எழுதி வைத்த அந்த மூன்று எண்கள், கெட்டுப்போகும் நாளில் எங்கே மாறியிருக்கிறது என்பதை உடனே காட்டிக் கொடுத்துவிடும்.